பேணுவாரின்றிக் கிடக்கும் நிரல்

பழைய பொருளை எறிய மனம் வராமை மனித இயல்பு. பள்ளிகளின் சாமான் அறையைத் திறந்து பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். கால் ஒடிந்த மேசைகளும், பாடத்திட்டம் மாறியதால் பயனிழந்த நூல்களும் அங்கே குவிந்து கிடக்கும். ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்பவர் பலர். அவற்றைத் தூசு தட்டி வைப்பவர் சிலரே. இச்சிறிய செய்தியில் அடங்கியுள்ள பெரிய வினாவை லினக்ஸ் என்னும் கணினி நிரலை வளர்த்தோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஈண்டுக் காண்போம்.

லினக்ஸ் என்பது கணினியின் உறுப்புகளை இயக்கி, பிற நிரல்கள் இயங்குவதற்கு இடந்தரும் அடிப்படை நிரலாகும். 1991ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை எழுதத் தொடங்கினார். அவருடைய கணினியில் இருந்தது, இன்டெல் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 80386 என்னும் சில்லு. யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் திறந்தமூல நிரலாதலின், பல நாட்டாரும் தத்தம் கணினிகளுக்கு வேண்டிய பகுதிகளை எழுதிச் சேர்த்தனர்.

சேர்த்தல் எளிது, பேணுதல் அரிது. பொதுவான பகுதியொன்றை மாற்றும்போது, அதனைச் சார்ந்த பகுதிகள் அனைத்தையும் உடன் திருத்துதல் வேண்டும். எழுதியவர் விலகிய பின்னர் அச்சுமை எஞ்சியிருப்போர் தோளில் விழுகிறது. திருத்தியது சரியாக இயங்குகிறதா என்று சோதித்துப் பார்க்க, அப்பழைய கணினியும் அவர்களிடம் இராது. எப்பகுதிக்கு யார் பொறுப்பு எனக் காட்டும் பட்டியலொன்று லினக்ஸில் உண்டு. பொறுப்பாளர் அற்ற பகுதியை அப்பட்டியல் ‘அநாதை’ என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறது.

2012 டிசம்பரில், 80386 சில்லுக்கான பகுதியை நீக்குமாறு இங்கோ மோல்னார் என்பார் டோர்வால்ட்ஸிடம் முன்மொழிந்தார். அடுத்து வந்த 80486 சில்லில் உள்ள சில கட்டளைகள் 80386இல் இல்லை. அக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு, புதிய மாற்றம் செய்யும்போதெல்லாம் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் பிறந்த தொட்டிலே அச்சில்லுதான். ஆயினும் டோர்வால்ட்ஸ் தயங்காமல் இசைந்தார். 2013இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் அப்பகுதி இல்லை.

2018இல் ஆர்ண்ட் பெர்க்மன் என்பாரின் முயற்சியால், எட்டுவகைச் சில்லுகளுக்கான பகுதிகள் 4.17ஆம் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் வரிகள் அகன்றன. அவற்றைப் புதிய லினக்ஸ் பதிப்புகளோடு பயன்படுத்துவோர் ஏறக்குறைய இல்லை என்பதே காரணம்.

அங்ஙனமாயின், பழையன யாவும் களையப்பட்டனவோ? இல்லை. 1979இல் தோன்றிய மோட்டொரோலா 68000 சில்லின் குடும்பத்துக்கான பகுதி, அந்த எட்டும் நீங்கிய பின்னரும் லினக்ஸில் நிலைத்தது. அமிகா, அட்டாரி முதலிய பழங்கணினிகளைப் போற்றும் ஆர்வலர்கள் அதனைத் தொடர்ந்து சோதித்தும் திருத்தியும் வந்ததே காரணம். அந்த எட்டினும் மூத்தது அது. எனினும் பேணுவார் இருந்தமையால் பிழைத்தது. வயதன்று அளவுகோல், பொறுப்பேற்பார் உண்டா என்பதே அளவுகோல்.

இம்முடிவால் வருந்துவோரும் உளர். பழைய கணினியை மட்டுமே உடையவர் பழைய பதிப்போடு நிற்க வேண்டியவராகிறார். நாளடைவில் அப்பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பதில்லை. இவ்விழப்பு மெய்யானதே. ஆனால் எவரும் சோதித்துப் பாராத நிரலை வைத்துக்கொண்டு ‘இதுவும் இயங்கும்’ என்று உறுதி கூறுவது அவரை ஏமாற்றுவதாகும். பொய்யான உறுதியைவிட நேர்மையான மறுப்பே மேல்.

மேலும், நீக்குதல் அழித்தல் ஆகாது. செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து காக்கும் கிட் என்னும் கருவியை டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கினார். நீக்கப்பட்ட வரிகள் அதன் ஏடுகளில் அப்படியே உள்ளன. பேண முன்வருவார் ஒருவர் தோன்றின், அவற்றை மீட்டெடுத்துப் பணியைத் தொடரலாம்.

காப்பது வேறு, சுமப்பது வேறு. வரலாற்றின் பொருட்டு ஆவணத்தில் காத்தல் கடமை. பயன்பாட்டின் பொருட்டுச் சுமக்க ஒரு தோள் வேண்டும். ‘இருக்கட்டும்’ என்று சொல்லுமுன், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல நாம் அணியமா என்பதை எண்ணிப் பார்ப்போமாக. அவ்வினாவுக்கு விடை கூறாமல் பழமையைப் போற்றுதல் வெறும் வாய்ச்சொல்லே.