கல்லடிக் கடலும் சீனன்குடாத் தளமும்

மட்டக்களப்பு வாவியின் குறுக்கே கல்லடிப் பாலம் எழுந்தது 1924ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தது. பதினெட்டு ஆண்டுகளின் பின், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி, ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி, அக்கப்பல் கல்லடிக்குக் கிழக்கே கடலில் அமிழ்ந்தது. 307 பேர் மாண்டனர்.

அன்று அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானங்கூட இருக்கவில்லை. அதன் சுவோட்பிஷ் விமானங்கள் திருகோணமலைச் சீனன்குடாத் தளத்தில் இறக்கப்பட்டிருந்தன. அவையும் மெதுவாகப் பறக்கும் இரட்டைச் சிறகு விமானங்களே. போர் விமானங்கள் அல்ல. ஆகவே கப்பலின் காவல் கரையை நம்பியிருந்தது.

கரையில் நின்றவை, அந்த மார்ச் மாதத்தில் இண்டோமிட்டபிள் கப்பலிலிருந்து பறந்து வந்திறங்கிய ஹரிக்கேன்கள். அவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தோர் தரையில் நின்ற தொழிலாளரே. யந்திரத்துக்கு ஒருவர், உடலுக்கு ஒருவர், துப்பாக்கிகளுக்கு ஒருவர் எனப் பணி பகுக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் சோதனை முடிந்து பதிவேட்டிற் கையொப்பம் விழுந்த பின்னரே விமானி ஏறலாம். ஈரக்காற்றினால் பெற்றோலில் நீர் கலக்கும். அதனை மென்தோலால் வடித்தே ஊற்றவேண்டும். ஓடுபாதையில் நெடுநேரம் நின்றால் வெப்பத்தால் யந்திரத்தின் குளிர்நீர்மம் கொதித்துவிடும். தூசும் ஈரமும் புகாதபடி துப்பாக்கி வாய்களைத் துணியொட்டி மூடுவர்.

ஹரிக்கேனின் அமைப்பும் இப்பணிக்கு உதவியது. அதன் பின்னுடல் உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரமும் துணியும் போர்த்தது. துணியைத் துளைத்துச் சென்ற குண்டின் வடுவைத் துண்டுத் துணியொட்டிப் பூச்சுப் பூசியே தளத்தில் மாற்றிவிடலாம்.

ஆயினும் அன்று காலை திருகோணமலையே தாக்கப்பட்டது. எதிர்த்தெழுந்த ஹரிக்கேன்களில் 8 வீழ்ந்தன. தாக்குதலினால் சீனன்குடாவுடனான செய்தித் தொடர்பும் அறுந்தது. தெற்கே கப்பல் விடுத்த அழைப்புக்கு உரிய வேளையில் உதவி எட்டவில்லை. பின்னர் ஃபுல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மீஸ் மூழ்கிவிட்டது. உயிர் தப்பியோரில் ஏறத்தாழ 600 பேரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

வானிற் போரிட்ட விமானிகளின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. விடியுமுன் பெற்றோல் வடித்தவர்களின் பெயர்களைத் தேடுவோர் சிலரே. அவர்களின் உழைப்பால் விமானங்கள் எழுந்தன. அறுந்த ஒரு கம்பியினால் அவை வேண்டிய இடத்துக்குச் செல்லாதொழிந்தன. 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் ஹெர்மீஸ் இவ்விரண்டுக்கும் சான்று.