ஆலைக்கு மூத்த பேண்டு: குவீன்ஸ்பரியின் பிளாக் டைக்

இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகளின் வரலாற்றை எழுதுவோரில் பலர் ஆலை வாசலிலிருந்தே தொடங்குகிறார்கள். முதலாளி கருவி வாங்கிக் கொடுத்தார், தொழிலாளி வாசித்தார், மதுக்கடைப் பக்கம் போகாமல் இசை அவரைக் காத்தது என்பது வழக்கமான விளக்கம். யார்க்ஷயரில் பிராட்ஃபர்டுக்கு அருகே, குன்றின்மேல் உள்ள குவீன்ஸ்பரியின் பிளாக் டைக் பேண்டு இதற்குச் சிறந்த சான்றாகக் காட்டப்படுகிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை.

1816இல் அவ்வூரில் ஒரு குழுவைத் திரட்டியவர் பீட்டர் வார்ட்டன். ஓல்டு டால்ஃபின் என்ற மதுவிடுதியை நடத்தியவர் அவர். அப்போது ஊரின் பெயர் குவீன்ஸ்ஹெட். அக்காலக் கிராமக் குழுக்களில் பித்தளையோடு கிளாரினெட் போன்ற மரக் கருவிகளும் கலந்திருந்தன. வார்ட்டனின் குழுவில் பிரெஞ்சு ஹார்ன் ஊதியவர்களில் ஒருவர் ஜான் ஃபாஸ்டர். பிளாக் டைக் கம்பளி ஆலையை அவர் தொடங்கியது 1835இல். ஆக, ஆலை அதிபராவதற்கு முன்பே அவர் பேண்டுக்காரர். மதுவிடுதியில் பிறந்த குழுவை மதுவுக்கு மாற்று மருந்தாகக் காட்டுவதும் சரியாகாது.

முதல் குழு நலிந்தபின் ஊரார் மீண்டும் ஒன்றை அமைத்தனர். அதுவும் தள்ளாடியது. 1855இல் ஃபாஸ்டரின் நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. புதிய கருவிகள் வந்தன, பயிற்சிக்கு அறை கிடைத்தது, சாமுவேல் லாங்பாட்டம் ஆசிரியராக அமர்ந்தார். சீருடைக்கான துணி அந்த ஆலையிலேயே நெய்யப்பட்டது. வாசித்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்தவர்கள். ஊர் இருமுறை கட்டி எழுப்பிய ஒன்றுக்கு ஆலை நிலையான வருவாயைத் தந்தது என்றே இதைப் படிக்க வேண்டும்.

கருவிகளில் நேர்ந்த மாற்றத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. 1840களில் அடால்ஃப் சாக்ஸ் பாரிஸில் உருவாக்கிய சாக்ஸ்ஹார்ன் வகைக் கருவிகளை டிஸ்டின் குடும்பத்தார் பிரிட்டனில் பரப்பினர். பெரும்பாலானவற்றுக்கு மூன்றே வால்வுகள். வலக்கையின் மூன்று விரல்கள் போதும். இதற்குமேல் ஓர் எளிமையும் இருந்தது: சிறிய கார்னெட் முதல் பெரிய பாஸ் வரை ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கிளெஃப் குறியில் இசை எழுதும் வழக்கம் நிலைபெற்றது. கார்னெட்டில் கற்ற விரலசைவு யூபோனியத்துக்கும் அப்படியே பொருந்தும். ஒருவர் ஊரைவிட்டுப் போனாலோ நோயில் படுத்தாலோ இன்னொருவர் அவர் இடத்துக்கு நகரலாம். ஆள் குறைந்த சிற்றூரில் இருபத்துச் சொச்சம் பேர் கொண்ட குழு தலைமுறை தாண்டி நின்றதற்கு, முதலாளியின் தயவைவிட இதையே நான் பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

போட்டிகள் அந்தக் குழுவை ஊருக்கு வெளியே கொண்டுபோயின. மான்செஸ்டரின் பெல் வியூ தோட்டத்தில் பித்தளை பேண்டுப் போட்டி 1853இல் தொடங்கியது. 1860இல் எண்டர்பி ஜாக்சன் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரும் போட்டி நடத்தியபோது, மலிவான சுற்றுலா ரயில்கள் வடக்கத்தித் தொழிலாளர்களைத் தலைநகருக்கு அழைத்துவந்தன. அங்கே முதல்நாள் பரிசு பிளாக் டைக்குக்குக் கிடைத்தது. பெல் வியூவில் 1862லும் 1863லும் அதே குழு வென்றது. குவீன்ஸ்ஹெட் குவீன்ஸ்பரி ஆனதும் அந்த 1863இல்தான். தேசியப் பட்டம் முதன்முதலாக 1902இல் வந்தது. 1906இல் குழு கனடாவிலும் அமெரிக்காவிலும் சுற்றி வாசித்தது.

1968இல் பால் மெக்கார்ட்னி, சால்டேரின் விக்டோரியா மண்டபத்துக்கே வந்து தாம் இயற்றிய 'திங்கமிபாப்' இசையை இவர்களை வைத்துப் பதிவு செய்தார். பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் அதை வெளியிட்டது. நூற்றாண்டுக்கும் மேலாகப் போட்டி மேடைக்குப் பழகிய உதடுகள் அன்று ஒரு துள்ளலான அணிநடை மெட்டை ஊதின. போட்டி இசையும் அணிநடையும் அவர்களுக்குப் புதிதல்ல. ஊர்வலமும் போட்டியும் சேர்ந்ததுதான் வடக்கத்தி பேண்டு வாழ்க்கை.

பின்னர் ஆலைத் தொழில் தேய்ந்தது. குவீன்ஸ்பரியில் தறிகள் நின்றன. பிளாக் டைக் மில்ஸ் பேண்டு என்ற பெயரிலிருந்த 'மில்ஸ்' (ஆலை) என்ற சொல்லை உதிர்த்துவிட்டு, பிளாக் டைக் பேண்டு என்று குழு தனியே இயங்கலாயிற்று. பயிற்சி பழைய ஆலை வளாகத்து அறையிலேயே தொடர்ந்தது. 2014இல் தேசியப் பட்டத்தை அது மீண்டும் வென்றது. அப்போது அதற்குச் சீருடைத் துணி நெய்துதர ஆலை இல்லை.