இடையன்குடி இல்லறம்

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்கெல்லாம் மணம் முடித்து வைத்து, அறுபது வயதைக் கடந்தபின் கணவனும் மனைவியுமாகக் கடல் கடந்து சென்று, தம் திருச்சபையின் பொருட்டு அந்நிய தேசத்தில் சில காலம் தொண்டு புரிந்து திரும்பும் முதிய தம்பதிகளை இக்காலத்தில் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை தலைகீழாக இருந்தது. இளமையில் வந்து சேர்ந்தவர்கள், ஆயுள் இடங்கொடுத்தால், வந்த இடத்திலேயே முதுமை எய்தினார்கள்; ஆனால் ஆயுள் இடங்கொடுப்பது மிகவும் அபூர்வமாக இருந்தது. அமெரிக்காவிலிருந்து கணவருடன் கீழ்த்திசைக்குப் புறப்பட்ட ஹாரியட் நியூவெல் என்னும் பெண்மணி, 1812-ல் மொரீஷியஸ் தீவில், தொண்டு எதுவும் தொடங்குமுன்னரே, பத்தொன்பது வயதில் மரித்தாள். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-ஆம் ஆண்டு பெண்களுக்கென விடுதிப் பள்ளியை ஸ்தாபித்த ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833-ல், நாற்பது வயது நிறையாமலே, காலஞ்சென்றார். இத்தகைய மரணங்கள் மலிந்திருந்த ஒரு காலத்தில், ஒரு தம்பதி 47 ஆண்டுகள் ஒருவருக்கொருவர் துணையாக ஒரே நாட்டில் உழைத்து, நரைத்து, அந்நாட்டு மண்ணிலேயே அடங்கினார்கள் என்றால், அவர்களுடைய வாழ்க்கை தனியே ஆராய்வதற்குரியது. அத்தம்பதிகள் ராபர்ட் கால்டுவெல் ஐயரும் எலிசா அம்மையாரும் ஆவர்.

கால்டுவெல் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் இடையன்குடி என்னும் சிற்றூரின் சரித்திரத்தை அவ்வூரில் நின்று நோக்குவோமானால், அதன் மையமாக நமக்குப் புலப்படுவது ஒரு நூலாசிரியரின் மேசையன்று, ஒரு வீடு. அவ்வீட்டை நடத்தியவர் இல்லாமல் அம்மேசையும் இல்லை, அவ்வூரும் இன்றுள்ள வடிவில் இல்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், திசையன்விளைக்கும் உவரிக் கடற்கரைக்கும் அண்மையில் அமைந்தது இடையன்குடி. சுற்றிலும் தேரி எனப்படும் செம்மணற்பரப்பு. கோடைக் காற்றில் அம்மணல் இடம்விட்டு இடம் பெயர்வதும், கட்டிய வேலியை மூடுவதும் அப்பக்கத்தார் அறிந்த செய்தி. தாமிரபரணி பாயும் வயல்வெளிகளின் செழிப்பு இங்கே எட்டாது. மழை குறைந்த இந்நிலத்தில் நிமிர்ந்து நின்று பயன் தந்தது பனை ஒன்றே. பனையேறிகள் பருவ காலத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் முப்பது, நாற்பது மரங்கள் ஏறி இறங்கிப் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயங்களில் பதநீர் இறக்கினார்கள். வீட்டுப் பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினார்கள். பருவம் ஓய்ந்துவிட்டால் கருப்பட்டி விற்ற காசும் ஓய்ந்துவிடும். பனங்கிழங்கும் கடனுமே எஞ்சிய மாதங்களைக் கடத்த உதவின. கால்டுவெல் ஐயர் வருவதற்கு முன்பே இங்கு ஒரு சிறிய கிறிஸ்தவ சபை இருந்தது. ஆயினும் அது மேய்ப்பாரின்றி மெலிந்து கிடந்தது.

அயர்லாந்தின் வடபகுதியில், ஸ்காட்லாந்து நாட்டுப் பெற்றோருக்கு 1814-ஆம் ஆண்டு பிறந்தவர் கால்டுவெல். இளமையில் ஓவியக்கலை பயின்று, பின்னர் மனம் மாறி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக, 'மேரி ஆன்' என்னும் கப்பலில் நான்கு மாதங்களுக்கு மேல் பிரயாணம் செய்து, 1838 ஜனவரியில் சென்னைத் துறையில் இறங்கினார். தெலுங்கு மொழிக்கு அரும்பணி புரிந்த சி.பி. பிரௌன் துரை அக்கப்பலிலேயே உடன் வந்தது, மொழியாராய்ச்சியில் நாட்டம் கொண்ட அவ்விளைஞருக்கு வாய்த்த நற்பேறாகும். சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றபின், ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சுவிசேஷப் பிரசார சங்கத்தில் சேர்ந்து, தெற்கே புறப்பட்டார். பல்லக்கும் குதிரையும் கிடைக்கக்கூடிய நிலையிலும், மக்களைக் கண்டறிய வேண்டுமென்னும் நோக்கத்தால் கால்நடையாகவே சோழநாட்டு ஊர்களைக் கண்டு, நீலகிரி ஏறி, அங்கே குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாக 1841-ஆம் ஆண்டின் முடிவில் இடையன்குடியை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27, தனியர்.

இதே காலத்தில், தென்திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில் வேறொரு மிஷனரிக் குடும்பம் இருபதாண்டுகளுக்கு மேல் வேரூன்றி நின்றது. சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் 1819-ல் அங்கு வந்து சேர்ந்தவர்கள். ஐயர் சபைகளையும் அச்சுக்கூடத்தையும் கவனித்துக்கொள்ள, அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு கூட ரேந்தை பின்னும் தொழிலையும் கற்பித்தார். வைக்கோலோ பஞ்சோ இறுக அடைத்த திண்டின்மேல், துளையிட்ட மாதிரிப்படத்தைப் பொருத்தி, குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டு, பூவும் கொடியும் வலையுமாக நூலைப் பின்னியெடுக்கும் இத்தொழிலுக்கு வேண்டுவன கூரிய கண்ணும் பொறுமையும் சுத்தமான விரல்களுமே. உழவுக்கு வேண்டிய நிலமோ, வாணிகத்துக்கு வேண்டிய முதலோ அன்று. அப்பள்ளியில் பயின்ற பெண்களுள் அடிமைக் குடிகளில் பிறந்தவர்களும் இருந்தார்கள். தாம் பின்னிய ரேந்தையின் கூலியைச் சேர்த்து விடுதலை பெற்றோரும் அவர்களில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855-ல் என்பதை நினைத்தால், அதற்கு முன்னமே விரல் நுனியால் தேடிக்கொண்ட இவ்விடுதலையின் பெருமை விளங்கும்.

இக்குடும்பத்தின் மகளே எலிசா. 1844 மார்ச்சு மாதத்தில் கால்டுவெல் ஐயர் இவரை மணந்து இடையன்குடிக்கு அழைத்து வந்தார். இத்திருமணத்தில் ஊன்றி நோக்கத்தக்க ஒன்று உண்டு. மணமகன் புத்தகங்களின் வாயிலாகவும் முன்ஷிகளின் வாயிலாகவும் தமிழை முயன்று கற்றவர். மணமகளோ பேச்சுத் தமிழைச் சிறுவயதிலேயே தெளிவுறக் கற்றவர். பனையோலைக் குடிசையின் வாயிலில் நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாயிடம் ஆறுதலாக நான்கு வார்த்தை பேசுவதற்கு வேண்டிய தமிழ் எதுவோ, அது அம்மையாரிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. கணவருக்கு அயல்நாடாக இருந்தது மனைவிக்குப் பழகிய நாடு. அவருடைய வழியாகவே இடையன்குடியின் அடுக்களைகளும் திண்ணைகளும் ஐயருக்குத் திறந்தன.

அக்காலத்துச் சங்கங்களின் சம்பளப் பட்டியலில் மிஷனரியின் மனைவிக்குத் தனி இடம் கிடையாது. அவர் கணவரின் ஊழியத்துக்கு அநுகூலமான துணை என்று மட்டுமே கருதப்பட்டார். ஊதியமும் பட்டமும் இல்லாத அந்நிலையில் எலிசா அம்மையார் பெண்களுக்கு விடுதிப் பள்ளியை ஏற்படுத்தி, தாயிடம் கண்ட ரேந்தைத் தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்ணைப் படிக்க அனுப்பினால் வீட்டுக்கு ஆகவேண்டிய வேலை கெடுமே என்று தயங்கிய பெற்றோருக்கு, படிப்போடு கைத்தொழிலும் வருகிறது, கைத்தொழிலோடு காசும் வருகிறது என்பது ஏற்கத்தக்க சமாதானமாயிற்று. பனை ஓய்ந்த மாதங்களிலும் ஓயாத வருமானம், அதுவும் ஒரு பெண்ணின் கையில் நேரே வந்து சேரும் வருமானம், அவ்வூர் அதுவரை அறியாதது. பெண் கல்வியின் மேன்மையைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள் செய்திருந்தாலும் இத்துணை விரைவில் அது வேர்பிடித்திராது.

ஐயரோ ஊரின் புறவடிவை அமைப்பதில் முனைந்தார். நிலம் வாங்கி, நேரான வீதிகளை வகுத்து, கிணறுகள் வெட்டுவித்து, மரங்கள் நட்டு, ஒழுங்கற்ற குடிசைக் கூட்டத்தைத் திட்டமிட்ட கிராமமாக மாற்றினார். இளமையில் பயின்ற சித்திரக்கலை அவருக்கு இங்கே கைகொடுத்தது என்று கருத இடமுண்டு. 1847-ல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயத்தின் திருப்பணி, பணமுடையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் தடைப்பட்டுத் தடைப்பட்டு, 33 ஆண்டுகள் நீடித்து, 1880-ல் நிறைவெய்தியது. அடிப்படை இட்டபோது முப்பத்துமூன்று வயதினராயிருந்தவர், பிரதிஷ்டை செய்தபோது அறுபத்தாறு வயதுப் பேராயர். கல் சுமந்த சிறுவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

இடையே உடல்நலம் குன்றி அவர் தாயகம் சென்றதும் உண்டு. 1854 முதல் சில ஆண்டுகளும், பின்னர் எழுபதுகளில் சில காலமும் ஓய்வுக்காக இங்கிலாந்தில் தங்க நேர்ந்தது. அந்த ஓய்வு நாட்களை அவர் எவ்வாறு கழித்தார் என்பதற்கு அவருடைய நூலே சாட்சி: ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு 1856-லும், பெரிதும் விரித்தெழுதிய இரண்டாம் பதிப்பு 1875-லும் லண்டனில் வெளிவந்தன. இடையன்குடியில் இருந்த நாட்களில் குடியானவர்களின் வழக்குத் தீர்ப்பதும் பள்ளிகளைப் பார்வையிடுவதுமே பொழுதை விழுங்கிவிட, திரட்டிய குறிப்புகளை ஒழுங்குபடுத்த நோயே அவகாசம் தந்தது போலும்.

இத்தம்பதிகளின் தொண்டைப் போற்றுகையில், அதிலிருந்த குறையை மறைப்பது சரித்திரமாகாது. பனையேறும் மக்களைப் பற்றி ஐயர் 1849-ல் வெளியிட்ட சிறுநூல், அவர்களுடைய சமயத்தையும் பிறப்பையும் அறிவுத்திறனையும் தாழ்த்திப் பேசியது. மேல்நாட்டில் நன்கொடை அளிப்போர் மனம் இரங்க வேண்டுமென்னும் கருத்து அந்நடையில் கலந்திருக்கலாம். ஆனால் எழுதப்பட்டோரே எழுத்தறிவு பெற்று அதைப் படிக்கும் காலம் வந்தபோது, அந்நூல் ஆழ்ந்த மனக்கசப்பை விளைத்தது. மிஷனரிகளோடு பிணங்கி 1857-ல் தனிச்சபை கண்ட சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம், அந்நூலைக் கண்டித்தவர்களுள் முதன்மையானவர். முடிவில் அந்நூல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. மிஷன் பள்ளியில் கற்ற எழுத்தே மிஷனரியின் எழுத்தை எதிர்க்கத் துணிவு தந்தது என்பது இதில் நாம் காணும் உண்மை. அவ்வெதிர்ப்பையும் அப்பள்ளிகளின் பயன்களுள் ஒன்றாகவே கொள்ளல் வேண்டும்.

முதுமையில் இவர்களுக்கு ஓய்வு கிட்டவில்லை. 1877 மார்ச்சில், தம் 62-ஆம் வயதில், கல்கத்தாவில் சார்ஜண்ட் ஐயரோடு ஒருங்கே பேராயர் பட்டம் பெற்றுத் திரும்பிய கால்டுவெலை எதிர்கொண்டது தாதுவருஷப் பஞ்சம். கஞ்சித்தொட்டிகளை மேற்பார்ப்பதும், அநாதைக் குழந்தைகளுக்கு இடம் தேடுவதும், பஞ்சத்தினிடையே ஆயிரக்கணக்கில் சபையை நாடி வந்தோருக்கு உபதேசியார்களை நியமிப்பதும், இளைஞர்களையும் களைப்படையச் செய்யும் காரியங்கள். அதே ஆண்டுகளில் கொற்கையில் அகழ்ந்து பாண்டியர் துறைமுகத்தின் சுவடுகளைத் தேடவும், திருநெல்வேலியின் சரித்திரத்தை எழுதவும் அவருக்கு ஊக்கம் இருந்தது; சென்னை அரசாங்கத்தார் 1881-ல் அச்சரித்திரத்தை அச்சிட்டனர். 1883-ல், எழுபது வயதை நெருங்கிய நிலையில், நாற்பதாண்டுகள் வாழ்ந்த இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து, சாயர்புரத்திலிருந்த கல்லூரியை அந்நகருக்குக் கொண்டுவந்தார். முதியோர் புது ஊருக்குச் சென்று புது மனிதர்களோடு புது வேலை தொடங்குவது எத்துணைக் கடினம் என்பதை முதுமை கண்டோர் அறிவர். எலிசா அம்மையாருக்கு அது மேலும் ஒரு வீட்டைப் பெயர்த்து மேலும் ஒரு வீட்டை அமைப்பதாகும்.

1891 ஜனவரி மாத முடிவில் பேராயர் பதவியைத் துறந்த ஐயர், தாயகம் திரும்பும் எண்ணமின்றிக் கோடைக்கானல் சென்று தங்கி, அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உயிர் நீத்தார். மலையிலிருந்து அவர் உடல் தென்பாண்டிச் சமவெளியைக் கடந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பெற்று, அவர் எழுப்பிய ஆலயத்துத் திருப்பீடத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டது. கணவருக்குப்பின் எட்டாண்டுகள் வாழ்ந்து 1899-ல் காலமான எலிசா அம்மையாரும் அவ்விடத்திலேயே இடம்பெற்றார். அவர்கள் மருமகனாகிய வையட் ஐயரும் இதே நாட்டில் மிஷனரியாக இருந்தவர். மாமனாரின் நினைவுக்குறிப்புகளைத் தொகுத்து 1894-ல் வெளியிட்டவர் அவரே. மால்ட் ஐயர் தொடங்கி மூன்று தலைமுறைகள் இந்நாட்டில் தொடர்ந்து உழைத்த குடும்பம் இது.

1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, கடற்கரையில் கால்டுவெல் ஐயருக்குச் சிலை வைத்தார்கள். மொழிக்குத் தொண்டு செய்தவரை மொழி கொண்டாடியது; அது தகும். ஆயினும் ரேந்தைக் கூலியை முதன்முதல் தன் கையில் எண்ணிப் பார்த்த பனையேறியின் மகளுக்கு ஒப்பிலக்கணத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை; அவள் அறிந்தது அம்மையாரின் பள்ளியை. மிஷன் சரித்திரங்கள் பெரும்பாலும் சங்கங்களின் அறிக்கைகளைக் கொண்டு எழுதப்பட்டன. அறிக்கைகள் சம்பளப் பட்டியலில் உள்ளோரையே பேசின. அப்பட்டியலை ஒதுக்கி வைத்து, ஊராரின் வீடுகளில் எது மாறியது என்று வினவுவோமானால், இடையன்குடியை ஆக்கியவர்கள் இருவர் என்றே விடை கிடைக்கும்.