ஆன் விகுதிக்கு ஆசைப்பட்டவர்கள்

பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிறவர்களுக்கும், பெண்ணை நேசிக்கிற ஆண்தோரணைப் பெண்களுக்கும் தமிழில் என்ன பெயர்? 'திருநம்பி' என்பது நேற்றைய சொல். அதற்கு முன்? வசைகளைத் துழாவினால்கூட அகப்படுவது குறைவு. அலி, பொட்டை, ஒம்போது – இவையெல்லாம் ஆண்மையைக் 'கைவிட்ட' உடல்களின்மீது எறியப்பட்டவை. எதிர்த்திசையில் நடந்தவர்களுக்குக் கிடைத்தது 'ஆம்பள மாதிரி' என்பதுதான். உவம உருபு உண்டு, பெயர் இல்லை.

இந்த இன்மையை என்னை யோசிக்க வைத்தது ஒரு ஜப்பானியக் கொச்சைச் சொல்: ஓநாபே. நேர்ப்பொருள் குழம்புச் சட்டி. பெண்தன்மையுள்ள ஆண்களை 'ஓகாமா', அதாவது சோத்துப் பானை, என்று கேலி செய்த வழக்குக்கு ஜோடியாக உருவான சொல் இது. தோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ஓநாபேக்கள் பெண் வாடிக்கையாளர்களை உபசரிக்கும் மதுவிடுதிகள் இருந்தன. கிம் லாங்கினோட்டோவும் ஜானோ வில்லியம்ஸும் 1995இல் எடுத்த 'ஷின்ஜுகு பாய்ஸ்' ஆவணப்படம் அப்படியொரு விடுதியில் வேலை பார்த்த மூவரைப் பற்றியது. லெஸ்பியன் வட்டாரங்களில் 'தாச்சி', 'நெகோ' (பூனை) என்ற இணை புழங்கியது. முன்னது ஆண்தோரணைக்காரர், பின்னது அவருடைய துணை. கொச்சைச் சொல் பிறக்க ஒரு கூரை வேண்டும். அங்கே மதுவிடுதி. இங்கே திருநங்கைகளுக்கு ஜமாத் இருந்தது, கூவாகம் இருந்தது, வெளியாருக்குப் புரியாத ஒரு பாஷையும் இருந்தது. ஆணாக வாழ விரும்பிய 'பெண்'ணுக்கு இருந்ததெல்லாம் சமையல்கட்டும் கல்யாண மண்டபமும்தான். அங்கே யாரோடு சேர்ந்து சொல் உண்டாக்குவது?

ஆனால் கூரை மட்டும் காரணமில்லை என்று இப்போது தோன்றுகிறது. மொழியின் எலும்பிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'நான்' பல. 'போகு', 'ஓரே' என்பவை ஆண்கள் சொல்லும் 'நான்'. ஒருவர் தன் வாயாலேயே 'ஓரே' என்று தொடங்கித் தன் ஆண்மையை அறிவித்துவிடலாம். ஊர் ஒப்புகிறதா என்பது அப்புறம். தமிழில் 'நான் வந்தேன்' என்பதில் பால் கிடையாது. வந்தான், வந்தாள் என்று அடுத்தவர் பேசும்போதுதான் பால் வந்து ஒட்டுகிறது. டா, டி போட்டு அழைப்பதும் அடுத்தவர்தான். தமிழில் என் பால் என் வாயில் இல்லை. உன் வாயில் இருக்கிறது. அதிகாரம் எங்கே செயல்படுகிறது என்று தேடிக் கோட்டை கொத்தளமெல்லாம் போகவேண்டாம், வினைமுற்றின் கடைசி எழுத்தைப் பார்த்தால் போதும்.

இலக்கணக்காரர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. தொல்காப்பியம் சொல்லதிகாரம் 'ஆண்மை திரிந்த' பெயரைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு ஆண்பால் முடிபு ஆகாது என்கிறது. பெண்மை திரிந்தவரைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி அந்த மௌனத்தை உடைத்தார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிற பேடு ஆண்பால் என்றார். உடலைப் பார்க்கச் சொல்லவில்லை. 'அவா'வைப் பார்க்கச் சொன்னார். பவணந்தி சமணர். சமணத் தத்துவம் உடலின் பாலையும் உள்ளே எழும் வேட்கையின் பாலையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டும் முரண்படலாம் என்று ஒப்புக்கொண்டது. நன்னூல் சூத்திரத்தின் பின்னால் அந்த விவாதம் இருக்கிறது என்பது என் ஊகம், தமிழறிஞர்கள் மறுக்கலாம்.

நன்னூலுக்குக் கிடைத்திருக்கும் பழைய உரை மயிலைநாதருடையது. மயிலாப்பூரில் முன்பு கோயில்கொண்டிருந்த நேமிநாதரின் பெயர் அது. 1918இல் அந்த உரையைப் பதிப்பித்தவர் உ.வே.சா. அவர் பெயரிலான நூல்நிலையம் இன்று அடையாறுக்குப் பக்கத்தில் பெசன்ட் நகரில் இருக்கிறது. ஆக, ஆணாக விரும்பியவருக்கு 'ஆன்' விகுதி கொடுத்த சூத்திரம் தென்சென்னையின் சொந்தச் சொத்து. மயிலாப்பூரின் பெருமை பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பவணந்தியைத் தோளில் தூக்கிக் கொண்டாடவும் முடியாது. அதே சூத்திரத்தின் கடைசி அடி, இருவகைப் பேடும் அஃறிணை போலவும் வரலாம் என்று கதவைத் திறந்து வைக்கிறது. தெருவில் 'அது போவுது பாரு' என்கிறவனுக்கும் இலக்கணச் சான்று உண்டு!

விகுதி தாராளமாகக் கிடைத்த ஓரிடம் மேடை. நாடகக்காரர்களின் 'ராஜபார்ட்', 'ஸ்திரீபார்ட்' என்ற சொற்கள் உடலையல்ல, வேஷத்தைக் குறித்தன. கிட்டப்பா 1933இல் இறந்தபின் எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றிருந்த கே.பி. சுந்தராம்பாள், 1935இல் நந்தனாராகவே நடித்தார். 1941இல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர். ஜப்பானில் 1914 முதல் மேடையேறிவரும் தகராசுகா குழுவிலும் பெண்களே ஆண்வேஷம் கட்டுகிறார்கள். அவர்களுக்கு 'ஒதோகோயாகு' என்று தனிப்பெயர். இரண்டு ஊரிலும் ஒப்பந்தம் ஒன்றுதான்: அரிதாரம் கலைந்ததும் விகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பிறகு அரசு வந்தது. 2008இல் தமிழ்நாட்டில் அமைந்த நலவாரியத்தின் பெயரிலேயே அரவாணிகள்தான் இருந்தார்கள். மறுதிசைக்காரர்கள் பெயரளவில்கூட இல்லை. 2014இல் உச்சநீதிமன்றம் தன் பாலைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை என்ன சொல்லி அழைப்பது என்ற சொற்பட்டியல் 2022 ஆகஸ்டில் அரசிதழில் வந்தது. ஜப்பானிலோ சொல்லை மருத்துவம் எடுத்துக்கொண்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 'பாலின அடையாளக் கோளாறு' என்ற நோய்ப்பெயரின் கீழ்தான் குடும்பப் பதிவேட்டைத் திருத்த அனுமதித்தது. கருத்தடை நிபந்தனையை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2023இல்தான் செல்லாதென்றது.

அரசிதழ் பெயர்ச்சொல் தரும். வினைமுற்றுக்கு?

என் நண்பரோடு தி. நகரில் ஒரு கடைக்குச் சட்டை வாங்கப் போயிருந்தேன். ஒட்ட வெட்டிய முடி, மெல்லிய குரல். கடைப்பையன் தடுமாறி, 'சார்... மேடம்...' என்று இழுத்து, கடைசியில் 'என்ன சைஸ் பாக்குறீங்க?' என்றான். ஒரு 'ங்க'வில் மூன்று பேரும் தப்பித்தோம். மரியாதைப் பன்மைக்குள் பால் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. மரியாதை, சிலசமயம், முடிவு சொல்லாமல் நழுவுவதற்கான வழியும்தான்.

நண்பரின் வீடு மயிலாப்பூரில். சின்ன வயதில் அப்பா 'வாடா ராஜா' என்றுதான் கொஞ்சுவாராம். நம் வீடுகளில் மகளுக்கு 'டா' சகஜம். வயசுக்கு வந்த அன்று அந்த 'டா' நின்றுபோனது. பெயர் மாற்றி, அடையாள அட்டையும் வாங்கியபின் அப்பா வினைமுற்றுகளையே கைவிட்டார். 'சாப்பாடு ஆச்சா?' 'எப்ப கெளம்பறது?' இப்படியே நாலு வருஷம். போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அப்பா வாசலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். 'புள்ள வந்திருக்கு' என்றார்.