ஒரு ரூபாய் சம்பளம் டு ஐகோர்ட் ஜட்ஜ்!

சென்னையில் பிறந்த ராஜ ராஜேஸ்வரி 2015-ல் நியூயார்க் ஜட்ஜ் ஆனப்போ ஷேர் பண்ணிக் கொண்டாடினோம். ஆனா, நம்ம ஊர் ஐகோர்ட்லயே ஒரு இந்தியர் ஜட்ஜ் ஆனது ஒருகாலத்தில் பெரிய சண்டையே ஆச்சு!

தஞ்சை உச்சுவாடியில் 1832-ல் பிறந்தவர் முத்துசாமி ஐயர். அப்பா சின்ன வயசிலேயே தவறிட்டார். மாசம் ஒரு ரூபாய்க்கு கிராமக் கணக்குப்பிள்ளையிடம் வேலை. ஒருமுறை ஆற்றங்கரை உடைப்பைப் பார்த்துவர அனுப்பினார் தாசில்தார். பையன் சொன்ன கணக்கு அவ்வளவு துல்லியம்! அசந்துபோனவர் நாகப்பட்டினம், அப்புறம் மெட்ராஸ்னு படிக்க அனுப்பினார். வக்கீல் தேர்வு, தரங்கம்பாடி முன்சீஃப்... கடைசியில் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி.

ஆங்கிலேயர் பத்திரிகைகள் கொதித்தன. பதிலடி கொடுக்க, இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 1878-ல் ஆரம்பிச்சதுதான் ‘தி இந்து’. ஐகோர்ட்டில் உள்ள ஐயர் சிலையைக் கவனிங்க, காலில் செருப்பு இருக்காது.