குல்மார்க் சரிவும் பனிச்சறுக்குப் பந்தயங்களும்

பீர் பஞ்சால் மலைத்தொடரில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த குல்மார்க், ஆங்கிலேயர் ஆட்சியில் கோடைக்கால ஓய்விடமாகவே அறியப்பட்டிருந்தது. 1927இல் ஆங்கிலேய அதிகாரிகள் இந்திய ஸ்கீ சங்கத்தைத் தொடங்கி, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களில் கூடிப் பந்தயம் நடத்தத் தலைப்பட்ட பின்னரே, அவ்வூர் பனிக்காலத்திலும் ஆட்களைக் கண்டது. ஸ்கீ என்பது காலணியோடு பிணைக்கப்படும் நீண்ட, ஒடுங்கிய சறுக்குப் பலகையாகும்.

இப்பலகைகளைக் கொண்டு மலையிறங்கும் பந்தயங்களுள், நட்ட கழிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குவது ஸ்லாலம் எனவும், கழிகளின் இடைவெளி அகன்றது ஜயன்ட் ஸ்லாலம் எனவும், வேகமே முதன்மையாக நெடுஞ்சரிவில் பாய்ந்திறங்குவது டவுன்ஹில் எனவும் வழங்கப்படும். டவுன்ஹில் பந்தயத்திற்கு உலகம் உரைகல்லாகக் கொள்வது ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் நகரிலுள்ள ஷ்ட்ரைஃப் தடத்தையே ஆகும். 1931 முதல் போட்டிகளைக் கண்டுவரும் அந்நகரின் இத்தடம், சுமார் 3.3 கிலோமீட்டர் நீளத்தில் 860 மீட்டர் இறங்குகிறது; 1997இல் ஃப்ரிட்ஸ் ஷ்ட்ரோபல் அதனை 1 நிமிடம் 51.58 விநாடியில் கடந்தார்.

நாடு விடுதலை பெற்றதும் ஆங்கிலேயரின் பந்தயக் கூட்டங்கள் ஓய்ந்தன. ஆனால் காஷ்மீர்ப் போர் வேறொரு தேவையை உண்டாக்கியதால், 1948இல் ஜெனரல் திம்மையா குல்மார்க்கில் படைவீரர்களுக்கான ஸ்கீ பள்ளியை நிறுவினார். அதுவே பின்னர் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 1936இல் ஸ்லாலத்தில் உலக வாகையராகிய ஆஸ்திரியர் ருடால்ஃப் மாட் 1968இல் வந்து பார்வையிட்டு, இச்சரிவுகள் பனிச்சறுக்குக்கு ஏற்றவை எனப் பரிந்துரைத்ததை அடுத்துப் பொதுமக்களுக்கும் பயிற்சி நிறுவனம் தோன்றியது. 1998இல் இடைநிலையமான கொங்தூரி வரையிலும், 2005இல் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரம் வரையிலும் கம்பிவட ஊர்தி எட்டியது.

கொங்தூரிக்கும் அம்மேல்நிலையத்திற்கும் இடைப்பட்ட உயரம் ஏறத்தாழ 900 மீட்டர் ஆதலால், இறக்கத்தின் அளவில் ஷ்ட்ரைஃபுக்கு இச்சரிவு குறைந்ததன்று. ஆயினும் 2020 முதல் இங்கு நடைபெறும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஸ்லாலமும் ஜயன்ட் ஸ்லாலமுமே முதன்மை பெறுகின்றன. டவுன்ஹில் தடத்திற்குப் பனியை இறுக்கிக் கெட்டிப்படுத்த வேண்டும், ஓரமெங்கும் பாதுகாப்பு வலை கட்ட வேண்டும், பனிச்சரிவு அபாயத்தை நீக்க வேண்டும். மேற்சரிவோ பெரும்பாலும் செப்பனிடப்படாத இயற்கைப் பனியாகவே உள்ளது. பாவு சுற்றிப் பிணைத்து முடிக்கும் வரை பட்டுத்தறியில் ஓரிழையும் ஓடாதது போல, இரண்டு நிமிடப் பந்தயத்திற்குப் பின்னால் பல நாள் ஆயத்தம் நிற்கிறது.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டதும் டவுன்ஹில் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது: 1964இல் இன்ஸ்பிரக்கில் இறங்கிய ஜெரமி புஜகோவ்ஸ்கி பந்தயத்தை முடிக்கவில்லை. குல்மார்க் சரிவுகளில் பழகிய ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் போட்டியில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்று ஜயன்ட் ஸ்லாலத்தில் 45ஆம் இடம் பெற்றார். மலையும் பனியும் இயற்கை அளித்தவை. ஆனால் தடத்தை ஆண்டுதோறும் பேணும் நிறுவனமும், சிறுவயது முதல் இறங்கிப் பழகும் வீரர்களும் இன்றி எந்தச் சரிவும் பந்தயக் களமாவதில்லை என்பதே குல்மார்க்கின் ஒரு நூற்றாண்டு வரலாறு உணர்த்துவது.