பூந்திக்கொட்டையும் நுரைத்த ஏரியும்: வீட்டுத் துப்புரவின் வரலாறு குறித்துச் சில

பெங்களூரு நீலசந்திராவின் பெயரில் உள்ள ‘சந்திரா’ நிலவைக் குறிப்பதன்று. பொம்மசந்திரா, திப்பசந்திரா முதலிய பெயர்களிற்போல, ஏரியைச் சுட்டும் ‘சமுத்திரம்’ என்பதன் திரிபாகவே அது பெரும்பாலும் விளக்கப்படுகிறது. இன்று இப்பகுதியின் கழிவுநீர் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கிப் பெள்ளந்தூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. 2015 மே மாதம் அவ்வேரியின் நுரை தீப்பற்றி எரிந்தது. சலவைத்தூள்களிலிருந்து வந்து சேரும் பாஸ்பேட்டின் பங்கை இந்திய அறிவியல் கழகத்தின் டி. வி. ராமச்சந்திரா குழுவினர் சுட்டிக்காட்டினர். வீட்டிலேயே துப்புரவு நீர்மம் செய்யும் முயற்சிகளை இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும்.

இம்முயற்சிகள் பற்றிய உரையாடலில் ‘இயற்கையானது’, ‘வீட்டில் செய்தது’, ‘நச்சுக் குறைந்தது’ என்னும் மூன்றும் ஒருபொருட் சொற்களாக வழங்குகின்றன. வரலாறோ அவற்றைப் பிரித்தே காட்டுகிறது.

முதலில் இயற்கை. களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் துணி வெளுக்கும் பெண்ணைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் காட்டுகிறது. உவர்மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட்டு அழுக்கை நீக்கும். சாம்பலின் காரமும் அவ்வாறே. ஆனால் செறிந்த காரம் தோலையும் அரிக்கும். பட்டுக்கும் பொன்னகைக்கும் உகந்ததென நாம் போற்றும் பூந்திக்கொட்டையில் நுரை தருவது சப்போனின். அதே சப்போனின் மீனுக்கு நஞ்சு. நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கவும் அக்கொட்டை பயன்பட்டது. அளவும் சேருமிடமும் அறியாமல் எதையும் நச்சற்றது எனல் இயலாது.

அடுத்து வீடு. 1959இல் இந்துஸ்தான் லீவரின் சர்ஃப் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தம் வீட்டுப் புறக்கடையில் கலந்து மிதிவண்டியில் விற்ற தூளே நிர்மா. அதுவும் ‘வீட்டில் செய்தது’தான்! மறுபுறம், முதல் உலகப் போர்க்காலத்தில் சந்தன ஏற்றுமதி தடைப்பட்டதை ஒட்டி மைசூர் அரசு பெங்களூரில் தொடங்கிய தொழில்முயற்சியில் பிறந்த சோப்பு, கொழுப்பும் காரமும் சேர்ந்த பழைய முறையிலானது. ஆலையில் செய்தது என்பதனாலேயே அது கேடாகிவிடவில்லை.

சலவைத்தூள் வென்றதற்கு விளம்பரம் மட்டுமே காரணமன்று. கடினநீரில் சோப்பு திரிந்து படியும். செயற்கைச் சலவைப்பொருள் அந்நீரிலும் நுரைக்கும். 1950களில் எளிதில் சிதையாத அத்தகைய பொருள்களால் செருமானிய, அமெரிக்க ஆறுகள் நுரைத்தபோது, 1960களில் சட்டமும் தொழில்துறை மாற்றமும் சிதையக்கூடிய மூலப்பொருளைக் கொணர்ந்தன. அங்கே நிலைமை மாறியது தனித்தனி வீடுகளின் நல்லெண்ணத்தால் அன்று.

எஞ்சுவது உழைப்பு பற்றிய வினா. உவர்மண் திரட்டி, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்துத் துவைத்த உழைப்பைச் சாதி ஒரு சமூகத்தின் மீது சுமத்தியது. சாம்பலிட்டுப் பாத்திரம் துலக்கிய உழைப்பு பெண்களுடையது. பழைய முறையின் ‘மலிவு’ இவ்விரண்டின்மேல் நின்றது. இன்றோ நடுத்தர வீடுகளின் தரையைத் துடைக்கும் கை, பெரும்பாலும் அவ்வீட்டாருடையதன்று. அமிலமும் பிளீச்சும் கலந்தால் எழும் குளோரின் வாயுவை முதலில் சுவாசிப்பவரும் அப்பணியாளரே. ஆகவே நச்சுக் குறைத்தல் அவருக்கு உண்மையான நன்மை. ஆயினும் ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு நீர் எனக் கலந்து மூன்று மாதம் நொதிக்கவைக்கும் வேலையும், கறை போகாதபோது கூடுதலாகத் தேய்க்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுமானால், நஞ்சு குறைந்த அளவுக்கு உழைப்பு கூடியிருக்கும்.

சுற்றுச்சூழல் வரலாறு பயிலும் மாணவர்கள் ஏரியின் நீர்த்தரத் தரவுகளோடு வீட்டுப் பணியாளர்களின் வாய்மொழிச் சான்றுகளையும் திரட்ட வேண்டும். எந்தப் பொருள் கையை எரித்தது, எது வேலையைக் கூட்டியது என்பதை அவர்களே நன்கறிவர்.